பிறப்பா, உழைப்பா?
ஜப்பானியச் சித்திரக்கதைகள் மீது ஒரு வழக்கு



நம்மவர் வீட்டு வாலிபரும் இளம்பெண்களும் இன்று விரும்பிப் படிப்பவை யாவை என்று எவரேனும் கணக்கெடுக்கப் புகுந்தால், ஜப்பானியச் சித்திரக்கதைகளுக்கு முன்வரிசையில் இடமளிக்க நேரும். 'மங்கா' எனப்படும் அச்சுக் கதைகளும், 'அனிமே' எனப்படும் அசையும் படங்களும், தோட்டத்து வீடு என்றும் பட்டணத்து அடுக்குமாடி என்றும் பாராமல் எங்கும் புகுந்துவிட்டன. இவற்றைக் குறித்து நம்மிடையே மூன்று கூற்றுகள் உலவுகின்றன. 'இவை சிறுபிள்ளை விளையாட்டு, பேசுதற்கும் தகுதியற்றவை' என்பது முதற்கூற்று. 'ஜப்பானியன் நமக்குச் செய்த கொடுமை போதாதா? அவன் கதை வேறு வேண்டுமா?' என்பது இரண்டாவது. 'இவை முயற்சியின் பெருமையைப் போதிப்பவை; எவ்விடத்துப் பிறந்தவனாயினும் உழைத்தால் உயர்வான் என்று காட்டுபவை; ஆகவே இவற்றில் குறைகாண இடமே இல்லை' என்பது மூன்றாவது. முதலிரண்டும் அறியாமையால் எழுந்தவை. மூன்றாவது, அன்பினால் கண் மறைக்கப்பட்டோர் கூறுவது. இக்கதைகளைப் பல்லாண்டாக விரும்பிப் படித்து வருபவன் என்ற உரிமையினாலேயே மூன்றையும் மறுக்க முற்படுகின்றேன்.

சிறுவர்க்கென்று அச்சிடப்படுவது சிறுமையுடையது என்று விதித்தவர் யார்? 'வாராந்தர ஷோனென் ஜம்ப்' என்னும் ஜப்பானியப் பத்திரிகை 1968-இல் தோன்றியது. 1990-களின் நடுவில் அதன் ஓர் இதழ் 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாயிற்று. அப்பத்திரிகையில் ஐச்சிரோ ஓடா 1997-இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' என்னும் கதை நூறு தொகுதிகளைக் கடந்தும் முடியவில்லை. உலகெங்கும் அது 50 கோடிப் பிரதிகளை எட்டிவிட்டதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. இத்துணை இளம் உள்ளங்களில் இடம்பிடித்த ஒன்றை 'விளையாட்டு' என்று ஒதுக்கும் பெரியோர், தம் மக்களின் மனத்தை யார் உருவாக்குகின்றார் என்று பாராமல் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவோரே ஆவர்.

இனி இரண்டாவது கூற்று. அதனை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, மீண்டு வாராத தமிழ்த் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். அந்தத் துயரத்தை மறக்கச் சொல்பவன் மனிதனல்லன். ஆயினும், கொடுமை செய்த ஆட்சியையும், அதனை எதிர்த்துத் தூரிகை எடுத்த ஓவியனையும் ஒரே குற்றக்கூண்டில் நிறுத்துவது நியாயமா? முன்சொன்ன அதே பத்திரிகையில்தான் கெய்ஜி நகசாவா 1973-இல் 'வெறுங்கால் கென்' என்னும் கதையைத் தொடங்கினார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது 6. தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் அன்று இழந்தவர் அவர். அவர் கதையில் வரும் தந்தை போரை வெளிப்படையாகக் கண்டிக்கின்றார். அதற்காகத் துரோகி என்று தூற்றப்பட்டுச் சிறையில் அடிபடுகின்றார். அண்டை வீட்டுக் கொரியர் இழிவுபடுத்தப்பட்டதும், அயல்நாடுகளில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளும் அந்நூலில் மறைக்கப்படவில்லை. அக்கொடுமைக் காட்சிகளைக் காரணங்காட்டியே 2012-இல் ஜப்பானின் மட்சுயே நகரக் கல்வி நிருவாகம் அந்நூலைப் பள்ளி மாணவர் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லி, கண்டனம் எழுந்தபின் 2013-இல் அக்கட்டளை கைவிடப்பட்டது. ஜப்பானிய அதிகாரிகளுக்கே கசந்த நூலை, அந்த அதிகார வர்க்கத்தின் மீதுள்ள வெறுப்பினால் நாமும் தள்ளிவைப்பது எத்தகைய விபரீதம்!

நிற்க. என் முதன்மையான வழக்கு மூன்றாங் கூற்றினரோடுதான். அவர்கள் என் தோழர்கள். ஆதலின் அவர்களோடுதான் கடுமையாகப் பேச வேண்டும்.

'ஜம்ப்' பத்திரிகைக்கு மூன்று சொற்கள் கொள்கை முழக்கமாக வழங்கி வருகின்றன: நட்பு, முயற்சி, வெற்றி. அம்மூன்றனுள் நடுவில் நிற்கும் முயற்சிக்கு அதன் புகழ்பெற்ற கதைகள் உண்மையாக நடந்துகொள்கின்றனவா? மசாஷி கிஷிமொட்டோ 1999 முதல் 2014 வரை எழுதிய 'நருட்டோ'வைப் பாருங்கள். ஊரார் வெறுக்கும் அநாதைச் சிறுவன் நருட்டோ. பள்ளித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றவன். அவனுக்கு எதிரே வந்து நிற்கின்றான் நெஜி என்பான். இவன் பிறந்த ஹியூகா குலத்தில் தலைமை வீடு என்றும் கிளை வீடு என்றும் இரு பிரிவு உண்டு. கிளை வீட்டில் பிறந்தவன் நெற்றியில் முத்திரை குத்தப்படும். தலைமை வீட்டார் நினைத்தால் அம்முத்திரையைக் கொண்டே அவனை வதைக்கவும் கொல்லவும் கூடும். பிறந்தபோதே விதி முடிவாகிவிட்டது என்று நம்பும் அந்த நெஜியை, தேர்வில் தோற்ற நருட்டோ ஊரறிய வீழ்த்துகின்றான். அக்கட்டத்தைப் படித்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்குத்தான் நெஞ்சு நிமிராது? நெற்றியில் காணாத முத்திரையைச் சுமந்து திரிந்த சமூகமல்லவா நமது!

ஆனால், அதன்பின் நிகழ்வது என்ன? நருட்டோ யாரோ ஓர் அநாதையல்லன், அவ்வூரை ஆண்ட நான்காம் தலைவரின் மகன் என்று தெரிய வருகின்றது. அதுவும் போதாதென்று, நிஞ்சா உலகின் மூலபுருடராகிய முனிவரின் மகன் ஒருவனுடைய மறுபிறவியே அவன் என்றும் சொல்லப்படுகின்றது. நெஜியின் கதி யாது? போர்க்களத்தில் நருட்டோவையும் தலைமை வீட்டுப் பெண்ணையும் காக்கக் குறுக்கே பாய்ந்து உயிர்விடுகின்றான். பிறப்பே விதி என்ற கொள்கை தோற்றதாகக் காட்டித் தொடங்கிய கதையில், கிளை வீட்டான் தலைவர் மகனுக்காக மடிகின்றான், மறுபிறவியாளன் முடிசூடுகின்றான். விதி வாயில் வழியே துரத்தப்பட்டுக் கொல்லை வழியே மீண்டும் வந்து நடுக்கூடத்தில் அமர்ந்துகொண்டது.

இன்னும் ஒரு சான்று. அக்கதையில் மாய வித்தை ஒன்றும் கைவராத ராக் லீ என்னும் சிறுவனும், அவனைப் பயிற்றும் கை என்னும் ஆசானும் உளர். உடற்பயிற்சி ஒன்றே அவர்கள் செல்வம். இறுதிப் போரில் கை தன் உயிரையே எரிபொருளாக்கி, எவராலும் வெல்ல இயலாத மதாராவைச் சாவின் விளிம்புவரை உதைத்துத் தள்ளுகின்றான். எனினும் மதாரா சாகவில்லை. அப்போது நருட்டோ கண்விழிக்கின்றான், ஆதி முனிவரிடமே வரமாக வல்லமை பெற்று. ஆயுள் முழுதும் உழைத்த ஆசான் சக்கர நாற்காலியில் ஏற, வரம் பெற்றவன் அவ்விடத்தை நிரப்புகின்றான். இதுவா முயற்சிக்குச் செய்யும் மரியாதை?

இத்தகைய சறுக்கல் ஏன் நேர்கின்றது என்பதையும் நேர்மையுடன் ஆராய வேண்டும். அப்பத்திரிகை வாசகரிடம் வாக்குக் கேட்கும் வழக்கமுடையது. வாக்குக் குறைந்த கதை சில மாதங்களில் நிறுத்தப்படும். வாக்குப் பெற்ற கதையோ எளிதில் முடியவிடப்படாது. ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் ஓடும் கதையில் பகைவர் மேலும் மேலும் வலிமையுடையோராக வர வேண்டும். நாயகனும் அவர்களுக்கு ஈடாக வளர வேண்டும். பயிற்சியால் வளர்வதைக் காட்டப் பல வாரம் பிடிக்கும். 'இவன் இன்னார் மகன்' என்று சொல்லிவிட ஒரே பக்கம் போதும். ஆகவே கை களைத்த எழுத்தாளர் குலப்பெருமையைத் துணைக்கு அழைக்கின்றார். காரணம் விளங்குகின்றது. ஆனால் காரணம் விளங்கியதால் குற்றம் குற்றமல்லாது போகுமா?

அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை எழுதிய 'டிராகன் பால்' இதனினும் சற்று நேர்மையானது. அதன் நாயகன் கோக்கு வேற்றுலகப் போர்க்குலத்தவன் என்று பின்னர் வெளிப்பட்டாலும், அக்குலத்திலேயே அவன் கடைநிலையில் பிறந்தவன். இளவரசன் வெஜிட்டாவை எதிர்த்து நிற்கும்போது, கடையனும் உழைத்தால் மேலோனை வெல்லலாம் என்று கோக்கு அறைகூவுகின்றான். நன்று. ஆனால் அவனோடு வளர்ந்து, அவனோடு பயிற்சி செய்த கிரிலின் முதலிய மண்ணுலகத் தோழர்கள், மண்ணுலகத்தில் பிறந்த ஒரே குற்றத்தால் களத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க நேர்கின்றதே! அவர்கள் உழைக்கவில்லையா?

'ஒன் பீஸ்' இக்குற்றத்தினின்று தப்பியது என்று சொல்வோர், லூஃபியின் பாட்டன் கடற்படைப் பெருந்தளபதிகளுள் ஒருவன் என்பதையும், தந்தை உலகரசு அஞ்சும் புரட்சித் தலைவன் என்பதையும் வசதியாக மறக்கின்றனர். எனினும் ஓடாவுக்காக நான் வாதாடுவேன். லூஃபி தன் தந்தையின் பெயரை ஏணியாகக் கொள்வதில்லை. மேலும், பிறப்பினால் மனிதரைப் பிரிக்கும் தீமையை அக்கதை நேருக்குநேர் கண்டு பேசுகின்றது. மீன்மனிதர் தீவுப் பகுதியை நினைவிற் கொள்ளுங்கள். மனிதருக்கு இரத்தம் கொடுத்தல் ஆகாது என்று அத்தீவில் சட்டம். அடிமைகளை விடுவித்த வீரனாகிய ஃபிஷர் டைகர், மனித இரத்தம் தன் உடலில் ஏற ஒவ்வாமல் உயிர் துறக்கின்றான்; தான் பட்ட அடிமைத் துன்பம் அவனை மன்னிக்க விடவில்லை. அப்பகுதியின் முடிவில், குருதி வடிந்து கிடக்கும் மனிதனாகிய லூஃபிக்கு மீன்மனிதனாகிய ஜின்பே தன் இரத்தத்தை அளிக்கின்றான். குலத்தூய்மை என்னும் பொய் ஓர் இரத்தக் குழாயில் உடைந்து போகின்றது. ஒரே கிணற்றில் நீர் மொள்ளவும் ஒரு காலத்தில் தடை கண்ட மக்களுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

ஆயினும் என் வாக்கு யாருக்கு என்று கேட்பீராயின், ஹிரோமு அரகாவாவுக்கே. பெண்மணியாகிய இவர் ஹொக்கைடோ தீவில் பால்மாட்டுப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, அப்பண்ணையிலேயே வேலை செய்தவர். 2001 முதல் 2010 வரை வேறொரு பத்திரிகையில் இவர் எழுதிய 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 27 தொகுதிகளில் நிறைவுற்றது. இதிலும் நாயகரின் தந்தை யார் என்ற மர்மம் உண்டு. திரை விலகும்போது தெரிய வருவது அரசனல்லன், முனிவனல்லன். பெயரும் இன்றி 23 என்ற எண்ணால் அழைக்கப்பட்ட ஓர் அடிமை! இறந்த தாயை மீட்க முயன்று உடல் இழந்த இரு சகோதரரும் படித்தும் பசித்தும் அடிபட்டும் தம் வித்தையைக் கற்கின்றனர். அவர்கள் தேடும் அற்புதக் கல் மனித உயிர்களைப் பிழிந்து செய்யப்படுவது என்று அறிந்ததும் அதனை மறுக்கின்றனர். முடிவில் மூத்தவன் எட்வர்ட், தம்பியின் உடலை மீட்பதற்காகத் தன் வித்தை முழுவதையும் விலையாகக் கொடுத்துச் சாதாரண மனிதனாகின்றான். ஏனைய கதைகளில் நாயகன் சாமானியனாகத் தொடங்கித் தெய்வப் பிறவியாக முடிகின்றான். இங்கோ வல்லவனாகத் தொடங்கியவன் சாமானியனாக முடிந்து, அதில் நிறைவும் காண்கின்றான்.

அதே ஆசிரியர் 2011 முதல் 2019 வரை எழுதிய 'வெள்ளிக் கரண்டி' இன்னும் துணிவுடையது. வேளாண்மைப் பள்ளியைக் களமாகக் கொண்ட அக்கதையில் கொமாபா என்னும் மாணவன் பந்தாட்டத்தால் உயர்ந்து குடும்பத்தைத் தாங்க எண்ணிக் கடுமையாக உழைக்கின்றான். ஆனால் பண்ணை கடனில் மூழ்கி மூடப்படுகின்றது. அவன் பள்ளியை விட்டு வேலைக்குப் போகின்றான். அவனைக் காக்க ஒளிந்திருந்த தந்தையோ முன்பிறவியோ வருவதில்லை. உழைத்தும் தோற்பதுண்டு, தோற்றவன் இழிந்தவனல்லன், தோல்விக்குக் கடன் என்றும் விலை என்றும் காரணங்கள் உண்டு. இவ்வுண்மையைச் சிறுவர் கதையில் சொல்லத் துணிந்த கை ஏர்பிடித்த கையாதலின் எனக்கு வியப்பில்லை.

'கதைதானே! மறைந்து வளரும் இளவரசனை விரும்பாதார் யார்? நம் சினிமாவிலும் கூலிக்காரன் கடைசியில் ஜமீன்தார் மகனாகவில்லையா?' என்று கேட்பர். ஆம், ஆகின்றான், அதுவும் இதே நோய்தான். பால்வெட்டியவர் மகனிடம், 'உனக்குப் படிப்பு எங்கே வரும்?' என்று கேட்டவர் உண்டு. அந்தச் சிறுவன் ஒரு கதையைத் திறந்து, தன்னைப் போன்ற ஒருவன் எழுவதைக் கண்டு மகிழ்ந்து, முந்நூறு அத்தியாயம் தாண்டியபின், எழுந்தவன் தன்னைப் போன்றவனல்லன் என்று அறிவானாயின், அக்கதை அவனிடம் சொல்வது என்ன? அவனைப் பழித்தவர் சொன்னதையேதான், அழகிய வண்ணத்தில்!

ஆகவே, தோழர்களே, படியுங்கள். பிள்ளைகளையும் படிக்க விடுங்கள். நாயகன் வென்றவுடன் கைதட்டுமுன், வென்றது அவன் கையா, அவன் பாட்டன் பெயரா என்று ஒரு கேள்வி கேளுங்கள். நம்மிடையே எழுதவும் வரையவும் முன்வரும் இளைஞருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கதையில் தோட்டத்துப் பெண் ஒருத்தி உயர்வாளாயின், அவளை எந்தச் சீமானின் தொலைந்த மகளாகவும் ஆக்கிவிடாதீர்கள். கடைசிப் பக்கத்திலும் அவள் தன் தாய்தந்தையர்க்கே மகளாக நிற்கட்டும்.