கவனக்குறைவு என்னும் பொய்த்தீர்ப்பு

துறைமுகத்தில் தொழிலாளி ஒருவர் மடிந்தால், அவரது உடல் வீடு வந்து சேருமுன்பே ஒரு தீர்ப்பு வந்து சேர்ந்துவிடுகிறது: "கவனக்குறைவு." இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை, ஆதலால் இத்தீர்ப்பு பலருக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் அது உண்மைதானா?

நிலக்கரி, மரத்தடிகள், பழைய இரும்பு ஆகியவற்றை ஏற்றிவரும் கப்பலின் மூடிய சரக்கறையை எண்ணிப் பாருங்கள். இச்சரக்குகள் அறைக்காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல உண்டுவிடுகின்றன. 21 விழுக்காடு இருக்கவேண்டியது உயிர்வாழ இயலாத அளவுக்குக் குறைந்துவிடலாம். இக்குறைவைக் கண் காணாது, மூக்கும் உணராது. ஏணி வழியே இறங்குபவர் சில மூச்சுகளிலேயே நினைவிழந்து சாய்கிறார். அவரைத் தூக்கிவர மற்றொருவர் இறங்குகிறார், அவரும் சாய்கிறார். தோழனுக்காக உயிரைக் கொடுத்தவரையுமா கவனமற்றவர் என்பது?

இம்மரணத்தைத் தடுக்கும் வழி மறைபொருளன்று. சரக்கறையைத் திறந்து காற்றோட்டம் தரவேண்டும். கருவியால் காற்றைச் சோதிக்கவேண்டும். பொறுப்பாளர் எழுத்தில் அனுமதி தந்த பின்னரே ஆள் இறங்கவேண்டும். மேலே ஒருவர் காவல் நிற்கவேண்டும். மீட்புக்கு மூச்சுக்கருவி ஆயத்தமாக இருக்கவேண்டும். இவற்றுள் எது கூலித் தொழிலாளியின் கையில் உள்ளது? கப்பல் தாமதித்தால் கட்டணம் ஏறுமென்று அவரை விரட்டுபவர் யார்? தலைக்கவசம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பு தீர்ந்தது என்போர், கடைசிக் காப்பையே முழுக்காப்பு என்று காட்டுகின்றனர். ஆளெடுக்கும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாம். மனச்சான்றை விட்டுவிட முடியாது.

சட்டம் இல்லாமலில்லை. துறைமுகத் தொழிலாளரின் பாதுகாப்பு, உடல்நலம், நல்வாழ்வு ஆகியவற்றுக்கென நம் நாட்டில் 1986ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 13 சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அதனையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஏடு மாறியதால் கடமை மாறிவிடாது.

1889ஆம் ஆண்டு இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, எண்பது வயதைக் கடந்த கர்தினால் மேனிங் அவர்களுக்காக நிர்வாகத்தினரிடம் பேசச் சென்றார். உடலுக்கு ஊறு விளைவிக்காத பணியிடம் தொழிலாளரின் உரிமை என்று, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் தெளிவாகக் கூறினார். உரிமையைப் பிச்சையாகக் கேட்கவேண்டியதில்லை.

எனவே அன்பர்களே, அடுத்தமுறை அத்தீர்ப்பு நம் காதில் விழும்போது மௌனமாய் இராமல் கேட்போம்: காற்றைச் சோதித்தவர் யார்? அனுமதியில் கையொப்பமிட்டவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்வரை, இறந்தவர்மீது பழி சுமத்த எவருக்கும் உரிமையில்லை.