கண்ணுக்கு என்ன வேலை?

பொங்கலுக்கு முன் எங்கள் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது, கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் கால் வைத்து விழுந்தேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டு மூன்று வாரம் இருந்தேன். எழுபத்து நான்கு வயதில் இது சிறிய விஷயம் இல்லை. எங்கள் தெருவில் இடுப்பெலும்பு முறிந்து படுத்த நண்பர் ஒருவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

குற்றம் படியுடையது அல்ல, என் புரோகிரசிவ் கண்ணாடியுடையது. அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியாகக் காலடியைப் பார்த்தால் படி மங்கும்.

செய்தி பாரிசில் இருக்கும் மகனுக்குப் போனது. "கண்ணாடியைத் தூக்கிப் போடுங்கப்பா. மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்குங்க. தூரம், கிட்டம் எல்லாம் தெரியும்" என்றான்.

இந்தக் குறைக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் வெள்ளெழுத்து. சாளேசரம் என்றும் சொல்வார்கள். நாற்பது என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது அது. பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த சொல் 'பிரெஸ்பித்'. அதன் கிரேக்க வேருக்கு முதியவர் என்று பொருள். இது நோய் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகி, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க வளைந்து கொடுக்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். "இருபது வயசுக் கண்ணு மாதிரி ஆயிடும் சார்" என்று சொல்லி முன்பணம் கேட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் நான். முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. வெளியே வந்துவிட்டேன்.

பிறகு பார்த்த கண் மருத்துவர் அம்மா விலையைப் பற்றிப் பேசவில்லை. "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செய்வீங்க?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி என்பது என் கருத்து.

சொன்னேன். காலையில் பேப்பர். பிறகு பொடி எழுத்துப் பிரெஞ்சு அகராதியோடு இரண்டு மணி நேரம். மாலையில் கடற்கரைச் சாலையில் நடை. இருட்டியபின் ஸ்கூட்டரில் வீடு.

அவர் விளக்கினார். இந்த லென்ஸில் தூரத்துக்கும் கிட்டத்துக்குமான பவர் வட்டம் வட்டமாக அமைந்திருக்கும். இரண்டு பிம்பமும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் போகும். வேண்டியதை மூளை எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். எதைப் பார்த்தாலும் தெளிவு கொஞ்சம் குறையும். மங்கிய வெளிச்சத்தில் அது கூடுதலாகத் தெரியும். சொல்லிவிட்டு ஒரு வாரத்துக்குச் சோதனை லென்ஸ் கொடுத்தார்.

அந்த வாரத்தில் மாடிப்படி பளிச்சென்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆனால் அகராதி எழுத்துக்கு நிழல் விழுந்தது. இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம். மதியத்துக்குள் கண் உலர்ந்து மணல் போட்டதுபோல் உறுத்தியது. அடிபட்ட கையால் லென்ஸை எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லென்ஸ் கெட்டது என்று சொல்ல வரவில்லை. என் மைத்துனிக்கு அறுபத்தொரு வயது. கண்ணாடி போட்டால் மூக்கு புண்ணாகிறது என்று இதே வகை லென்ஸ் போட்டுக்கொண்டாள். சந்தை, சமையல், செல்போன், கோயில் எல்லாவற்றுக்கும் அவளுக்கு அது போதும். அவள் கண்ணுக்கு இருக்கும் வேலை வேறு, என் கண்ணுக்கு இருக்கும் வேலை வேறு.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1785-இல் பாரிசுக்கு அருகே பாஸியிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் தன் இரட்டைக் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறார். விருந்து மேசையில் தட்டும் தெரிய வேண்டும், எதிரே பேசுகிறவர் முகமும் தெரிய வேண்டும். முகம் தெரிந்தால் பிரெஞ்சு நன்றாகப் புரிகிறதாம். அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. முதலில் தேவை, பிறகுதான் கண்ணாடி.

ஆகவே என் வயதுக்காரர்களுக்குச் சொல்வேன்: கடைக்குப் போகுமுன் உங்கள் ஒரு நாளைத் தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். கண்ணில் புரை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். புரை மறைத்தால் எந்த லென்ஸும் உதவாது. சில நாள் போட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். வாங்கினால், கையைக் கழுவித் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். குழாய்த் தண்ணீர் அதில் படவே கூடாது; போட்டபடி தூங்கவும் கூடாது.

நானோ பழையபடி இரண்டு கண்ணாடிக்காரன். நடக்கவும் படி இறங்கவும் தூரப் பார்வைக்கு மட்டுமான ஒன்று. மேசையில் படிக்க மற்றொன்று. மகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "படியெல்லாம் சரியாத் தெரியுதாப்பா?" என்று கேட்டான்.

தெரிகிறது என்றேன். மொத்தம் பதினேழு படி. இப்போது எண்ணிக்கொண்டுதான் இறங்குகிறேன்.