ஒட்டு வயர்

வீட்டுக்குப் புது மோட்டார் சைக்கிள் வருகிறது. பூஜை போடுகிறோம். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். கண் படக் கூடாது என்று கறுப்புக் கயிறும் கட்டுகிறோம்.

மறுநாளே பையன் வண்டியை எடுத்துக்கொண்டு அலங்காரக் கடைக்குப் போய்விடுகிறான்.

"அண்ணே! பாக் லைட் இரண்டு போடுங்கள். சத்தமான ஹாரன் ஒன்று. செல்போனுக்குச் சார்ஜர் ஒன்று."

அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. விளக்கு பளிச்சென்று எரிகிறது. பையனுக்கு ஒரே மகிழ்ச்சி. பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறான்.

அந்த அரை மணி நேரத்தில் வண்டிக்குள் என்ன நடந்தது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். இது மெக்கானிக்குகள் மட்டும் படிக்க வேண்டிய விஷயம் என்று தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்த வண்டியில் போகிறவன் உங்கள் பிள்ளை.

நான்கு வழிச் சாலையில்

எங்கள் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகன் மதுரையில் வேலை பார்க்கிறான். ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். ஒரு நாள் இரவு வேலை முடிந்து, தூறலில் வந்துகொண்டிருந்தான். நான்கு வழிச் சாலை. மணி பதினொன்றுக்கு மேல்.

திடீரென்று முன் விளக்கு அணைந்தது. அதே நொடியில் என்ஜினும் நின்றது. பின் விளக்கும் இல்லை. ஹாரனும் இல்லை. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

ஓடிய வேகத்திலேயே வண்டியைச் சாலை ஓரத்து மண்ணுக்கு ஒடித்தான். விழுந்தான். லாரி அவனைத் தாண்டிப் போனது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். லாரிக்காரர் அவனைப் பார்த்தாரா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

காலையில் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். பாக் லைட் போட்ட கடையில், முன் விளக்குக்குப் போகும் வயரின் தோலைச் சீவி, அதில் புது வயரைச் சுற்றி, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடம் ஹாண்டில் பார் திரும்பும் இடம். திரும்பித் திரும்பி டேப் நெகிழ்ந்துவிட்டது. உள்ளே இருந்த செப்புக் கம்பி வண்டியின் இரும்பைத் தொட்டுவிட்டது. பியூஸ் போய்விட்டது.

பியூஸ் மேல் குற்றம் இல்லை. அது தன் கடமையைச் செய்தது. ஆனால் அந்த வண்டியில் விளக்கு, ஹாரன், என்ஜினை ஓட்டும் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ். அலங்கார விளக்கின் வயரில் கோளாறு வந்தால் அலங்கார விளக்கு மட்டும்தான் அணைய வேண்டும். இங்கே முழு வண்டியும் செத்துவிட்டது.

முதலாளி யார், சேமிப்பு எது?

வண்டியின் மின்சாரம் குடும்பத்தின் வரவு செலவு போன்றது.

என்ஜின் சுற்றும்போது அதனுடன் சுற்றும் காந்தம் மின்சாரத்தைச் சம்பாதிக்கிறது. அதுதான் வரவு. பேட்டரி என்பது சேமிப்பு. வண்டியைக் கிளப்பவும் ஆபத்துக்கு உதவவும் வைத்திருக்கும் பணம். தினச் செலவைச் சேமிப்பிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? சேமிப்பு தீர்ந்துபோகும். காலையில் பட்டனை அமுக்கினால் 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும் வரும்.

சின்ன வண்டிகளில் உள்ள பேட்டரி எவ்வளவு பெரியது தெரியுமா? பல 100 சி.சி. வண்டிகளில் 3 அல்லது 4 ஆம்பியர்-மணிதான். அதாவது, கணக்குக்குச் சொன்னால், 3 ஆம்பியர் வீதம் எடுத்தால் 1 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இப்போது பாக் லைட்டுக்கு வருவோம். பழைய மாதிரி ஹாலஜன் பல்பு ஒன்று 55 வாட். இரண்டு போட்டால் 110 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். 9 ஆம்பியருக்கு மேல் வருகிறது! என்ஜினை நிறுத்திவிட்டு இந்த விளக்கை எரியவிட்டால் 3 ஆம்பியர்-மணி பேட்டரி இருபது நிமிடம் தாங்குவதே கஷ்டம்.

என்ஜின் ஓடினாலும் நிம்மதி இல்லை. சிக்னலில் மெதுவாக ஓடும்போது வரவு குறைந்துவிடுகிறது. செலவு குறைவதில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் வரும் இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை முன் விளக்கு தானாகவே எரிகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. அதன் பிறகு பெட்ரோலை அளந்து தெளிக்கும் கருவி, பம்பு, கம்ப்யூட்டர் என்று மின்சாரம் தின்னும் வாய்கள் பெருகிவிட்டன. அளவான சம்பளத்தில் பெரிய குடும்பம். அங்கே இரண்டு ஹாலஜன் விருந்தாளிகளை உட்காரவைத்தால் என்ன ஆகும்?

எல்.இ.டி. விளக்கு என்றால் நிலைமை வேறு. 20 வாட் விளக்கு இரண்டு போட்டாலும் மூன்றரை ஆம்பியருக்குள் அடங்கும். செல்போன் சார்ஜர் 1 ஆம்பியர் அளவே எடுக்கும். இதைப் பெரும்பாலான வண்டிகள் தாங்கும். ஆகவே, எதையும் போடாதே என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துப் போடு என்கிறோம்.

அந்தக் கால வண்டி அல்ல

தாத்தா ஓட்டிய ஜாவாவிலும் பழைய புல்லட்டிலும் 6 வோல்ட் மின்சாரம் இருந்தது. என்ஜினை முறுக்கினால் விளக்கு பிரகாசிக்கும், விட்டால் மங்கும். எந்த வயரை எங்கே ஒட்டினாலும், கெட்டுப்போனால் பல்பு கெடும். வேறு பெரிய நஷ்டம் இல்லை.

இன்றைய வண்டி அப்படி இல்லை. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சின்னச் சின்னக் கருவிகள் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி போகும் வயர்கள் மெல்லியவை. சில வண்டிகளில் இரண்டு வயர்கள் பின்னல்போல முறுக்கி வரும். அவை கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர்கள். அதில் போய் விளக்கை ஒட்டினால், பேச்சு குழம்பிவிடும். வண்டி நிற்கலாம். ஏ.பி.எஸ். பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு எரியலாம். பழுதான கம்ப்யூட்டரை மாற்றுகிற செலவில் பாக் லைட் பல ஜதை வாங்கிவிடலாம்.

சரியான வேலை எது?

புது விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை முன் விளக்கின் வயரில் திருடக் கூடாது. நேராகப் பேட்டரியிலிருந்து தனி வயர் எடுக்க வேண்டும். அந்த வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே, தனிப் பியூஸ் போட வேண்டும். ஏன் அவ்வளவு பக்கத்தில்? பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவல் கிடையாது. காவல்காரனை வாசலில் நிறுத்தாமல் கொல்லைப்புறத்தில் நிறுத்திப் பயன் என்ன?

எத்தனை ஆம்பியர் பியூஸ்? வாட்டைக் கூட்டி 12-ஆல் வகுத்து, வருவதற்குச் சற்று மேலே. 40 வாட் விளக்குக்கு 5 ஆம்பியர் போதும். வயரும் அதற்குத் தகுந்த கனம் இருக்க வேண்டும். பியூஸ் போய்விட்டது என்று சிகரெட் பெட்டியின் ஈயத் தாளைச் சுற்றி வைப்பவர்கள் உண்டு. (நாமும் ஒரு காலத்தில் ஸ்கூட்டரில் இதைச் செய்திருக்கிறோம். ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.) அப்படிச் செய்தால் பியூஸ் உருகாது. அதற்குப் பதில் வயர் உருகும். வயருக்கு மேலேதான் பெட்ரோல் டாங்கி இருக்கிறது.

அடுத்தது ரிலே. தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. முதலாளி விரலை அசைத்தால் ஆள் மூட்டையைத் தூக்குவான் அல்லவா? அதே வேலைதான். சுவிட்சின் வழியாக மிகச் சிறிய மின்சாரம், ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, ரிலேக்குப் போகிறது. ரிலே பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. சுவிட்சு கருகாது. அதன் கால்களில் எண் போட்டிருக்கும். 30 பேட்டரிப் பியூஸிலிருந்து. 87 விளக்குக்கு. 85-ம் 86-ம் உள்ளே இருக்கும் சுருளுக்கு. ஒன்று சாவியையும் சுவிட்சையும் தாண்டி வரும் வயர், மற்றது எர்த். சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிட வேண்டும். அதுதான் முக்கியம்.

சாவியை எடுத்தும் அணையாத சாமான்களும் உண்டு. வண்டி திருடு போனால் கண்டுபிடிக்கும் ஜி.பி.எஸ். கருவி அப்படிப்பட்டது. அது 30 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொசு குடிக்கும் அளவுதான். ஆனால் இரவும் பகலும் குடிக்கும். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஐந்தாம் நாள் திரும்பினால் 3 ஆம்பியர்-மணி பேட்டரி காலி!

ஒட்டு வேலையில் டேப்பை மட்டும் நம்பக் கூடாது. ஈயப்பற்று வைக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குரிய முனையை இடுக்கியால் அழுத்திப் பொருத்த வேண்டும். மேலே சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாயைப் போட வேண்டும். ஹாண்டில் பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடவில்லையே என்று பார்க்க வேண்டும். சைலன்சர் பக்கம் எந்த வயரும் போகக் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கடைசியில்தான் மாட்ட வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் இரும்பில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பல ராகம் பாடும் ஹாரனும், காதைக் கிழிக்கும் ஹாரனும் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கூடாது. 2019-ல் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பாக் லைட்டை எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறமாதிரி வைப்பவனுக்கு நாம் பரிந்து பேச மாட்டோம். எதிரே வருகிறவனும் ஒரு தாயின் பிள்ளை. விளக்கைத் தரையைப் பார்த்து இறக்கி வைக்க ஒரு ஸ்பானரும் இரண்டு நிமிடமும் போதும்.

குற்றம் யாருடையது?

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவது எளிது. அவர் கையில் வயரிங் படம் இருக்கிறதா? வண்டியோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் அது இல்லை. எந்த வயர் எதற்கு என்று அவர் டெஸ்ட் லாம்ப்பை வைத்துக் குத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சரியாகச் செய்தால் அரை நாள் ஆகும் வேலைக்கு அரை மணி நேரக் கூலி கொடுப்பவர்களும் நாம்தான்.

வீட்டு வாசலுக்கு உணவு கொண்டுவரும் பையனை நினைத்துப் பாருங்கள். அவனுக்குச் செல்போன்தான் பிழைப்பு. வழி காட்டுவதும் அது; வேலை கொடுப்பதும் அது. அதன் சார்ஜ் தீர்ந்தால் அன்றைய கூலி போச்சு. அவன் சார்ஜர் போடுவது ஆடம்பரமா? இது தெரிந்திருந்தும், தனிப் பியூஸோடு ஒரு இணைப்பை எல்லா வண்டியிலும் கொடுத்துவிடக் கம்பெனிகளுக்கு என்ன தடை? சில வண்டிகளில் கொடுக்கிறார்கள். விலை குறைந்த வண்டிகளில் பலவற்றில் இல்லை. வண்டியை நாள் முழுவதும் ஓட்டிப் பிழைப்பவன் வாங்குவது அந்த விலை குறைந்த வண்டியைத்தான்!

சீட்டின் கீழே, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு இணைப்பு. அதற்குத் தனிப் பியூஸ். இத்தனை வாட் வரை போடலாம் என்று தமிழில் ஒரு சீட்டு. கையேட்டில் வயரிங் படம். இவ்வளவுதான் நாம் கேட்பது. அரசாங்கம் இதைக் கட்டாயமாக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள், சாலையோர மெக்கானிக்குகளுக்கு மாலை வகுப்பாவது நடத்த வேண்டும். புது வண்டியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பழைய படிப்போடு மல்லுக்கட்டு என்று சொல்வது நியாயம் அல்ல.

தங்கை மகனின் வண்டியில் பழைய ஒட்டுகளையெல்லாம் பிரித்து எடுத்தார்கள். எல்.இ.டி. விளக்கு, ரிலே, தனிப் பியூஸ் என்று புதிதாக வயர் போட்டார்கள். காலையில் உட்கார்ந்த மெக்கானிக் மதியம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். தங்கை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்தப் பியூஸ் என்ன விலை?" என்று என்னைக் கேட்டாள்.

சொன்னேன்.

கடைக்கு ஆள் அனுப்பி நான்கு வாங்கிவரச் சொன்னாள். இரண்டை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்தாள். மற்ற இரண்டும் அவள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.