நம் சாப்பாட்டையும் கணக்கில் எடுங்கள்



கிளினிக் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. மீன், முட்டை, பால், கீரை, பழம் எல்லாம் அழகாக அடுக்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "டீச்சர், இதெல்லாம் நல்லதுன்னு எனக்கும் தெரியும். என் சம்பளத்துல இதுல எதை முதல்ல வாங்கணும்னு அந்தப் படம் சொல்லுதா?"

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இம்முறை எழுதுகிறோம்.

அப்படிப்பட்ட படங்களுக்குப் பின்னால் சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டல்கள் இருக்கின்றன. 2011இல் வந்தவற்றைத் திருத்தி 2021இல் மீண்டும் வெளியிட்டார்கள். நாட்டு மக்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டலை ஒருவர் தன் விருப்பப்படி எழுதிவிட முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கேள்வியைத் தெளிவாக எழுத வேண்டும். பிறகு அந்தக் கேள்வி பற்றி நடந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற விதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒவ்வோர் ஆய்வும் எவ்வளவு நம்பத்தக்கது என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையில்தான் வழிகாட்டல்களைத் தயாரிக்கிறது.

இது நமக்குப் புரியாத விஷயமல்ல. ஒரு கூடையை மட்டும் நிறுத்துவிட்டு முழு மலையின் கொழுந்துக்கும் கணக்கு எழுதினால் நாம் விடுவோமா? எல்லாக் கூடையையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். தராசும் சரியாக இருக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் அமிர்தம் என்று ஒரு செய்தியும் விஷம் என்று இன்னொரு செய்தியும் நம் போனுக்கு வருகின்றன. 2020இல் 16 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு மீளாய்வு வெளிவந்தது. சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது என்று அது காட்டியது. நமக்குப் பிடிக்காத முடிவுதான். ஆனாலும் நிறுத்துப் பார்த்துச் சொன்ன முடிவு.

ஆனால் இந்த முறையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கேட்காத கேள்விக்கு எந்த மீளாய்வும் பதில் சொல்லாது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டைப் பாருங்கள். நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 பேர். நாட்டுச் சராசரியை மட்டும் பார்த்து எழுதும் வழிகாட்டலில் நம் பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள்.

விலையையும் பாருங்கள். 2021இல்தான் போராடி 1,000 ரூபா நாட்சம்பளம் பெற்றோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரே வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியது. அறிவுரை அப்படியே இருந்தது. பருப்புக்கும் நெத்தலிக்கும் கை எட்டவில்லை. பிள்ளை வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கு வந்தால், "தாய்க்கு அறிவில்லை" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வகுப்பில் அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் நாங்கள் சொல்கிறோம்: குறை தாயின் அறிவில் அல்ல, அடுப்படியில் இருக்கும் டப்பாவில்.

அடுத்த முறை வழிகாட்டலைத் திருத்தும்போது நாம் கேட்பது இவை. தோட்டப்புறக் கணக்கைத் தனியாகக் காட்டுங்கள். ஒரு நாள் சம்பளத்தில் எந்த உணவு அதிகப் போசாக்குத் தரும், காலையில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனால் மத்தியானம் வரை எது கெடாமல் இருக்கும் என்ற கேள்விகளையும் சேருங்கள். குழுவில் இருப்பவர்கள் உணவுக் கம்பனிகளோடு தங்களுக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லட்டும். முடிவாகும் முன் வரைபைத் தமிழில் தந்து தொழிற்சங்கங்களிடம் கருத்துக் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து கலஹா, தெல்தோட்டை லயங்கள் வெகு தூரமில்லை. ஆய்வாளர்கள் பஸ் ஏறி வரலாம். பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து பேசலாம்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. சான்று நமக்குக் கசந்தாலும் ஏற்க வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். நாம் பறிக்கும் தேயிலைதான், ஆனாலும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்போம். கீரையில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொள்வோம். அது இரும்புச்சத்து சேர உதவும். கர்ப்பிணிச் சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.

பிள்ளையின் நிறை எழுதும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். மாதாமாதம் நிறுக்கக் கொண்டுபோங்கள். நாளை நம் கேள்வியைக் கொண்டுபோகும்போது நம் கையில் இருக்கும் சான்று அதுதான். சம்பளப் பேச்சு மேசையிலும் அந்த அட்டைகளை வைத்துப் பேசுவோம்.