குறிகட்டுவானோடு நின்றுவிடும் பொதிகள்

இணையத்தில் பொருள் விற்போரின் பட்டியல்களில் யாழ்ப்பாண மாவட்டம் ஒரே நிலப்பரப்பாகத்தான் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து நாள்களில் வீட்டுவாசலில் என்னும் வாக்குறுதி நல்லூருக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே எழுத்தில் வழங்கப்படுகிறது. இடையே கடல் இருக்கிறது என்பது அதை எழுதியவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது தம் பாடன்று என்று இருந்துவிடுகிறார்.

‘டிராப்ஷிப்பிங்’ என்று இளைஞர்கள் இப்போது ஆர்வத்தோடு பேசும் வணிகமுறையில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். விற்பவரிடம் சரக்கு இல்லை. அவர் கட்டளையையும் பணத்தையும் பெற்றுக்கொள்கிறார். கொழும்பிலோ சீனாவிலோ இருக்கும் மொத்த வியாபாரி பொதியை நேரே வாங்குபவருக்கு அனுப்புகிறார். கூரியர் நிறுவனம் அதைக் கொண்டுவருகிறது. மூவரில் எவரும் குறிகட்டுவான் இறங்குதுறையைக் கண்டவரல்லர்.

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை வரை தாம்போதி வழியே வாகனம் வரும். குறிகட்டுவானில் வீதி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் ஏறத்தாழக் கால் மணி நேரம்; நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். எழுவைதீவு, அனலைதீவு மக்களுக்கு ஊர்காவற்றுறையே துறை. சோழகம் பலத்தாலும் படகு நிற்கும். வாடை எழுந்தாலும் நிற்கும். பொதி கொண்டுவரும் பையன் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பான். வந்து எடுங்கள் என்பான். எடுக்க வராவிட்டால் ‘பெறுநரைத் தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று எழுதப்பட்டுப் பொதி கொழும்புக்குத் திரும்பும்.

நெடுந்தீவிலுள்ள என் உறவினர் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஓர் உதிரிப்பாகம் தருவித்தார். அது யாழ் நகரத்திலேயே நின்றுவிட்டது. படகேறி, பஸ் ஏறி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மாலைப் படகு போய்விட்டது, இரவு தங்கவேண்டியதாயிற்று. பாகத்தின் விலையைவிடப் பயணச்செலவு கூடிவிட்டது. விற்றவரிடம் முறையிட்டால் கூரியரைக் கேளுங்கள் என்றார். கூரியரோ விற்றவரைக் கேட்கச் சொன்னார்.

இதில் என் கருத்து எளிது. பணத்தை வாங்கியவரே பொறுப்பாளி. பொருளை நான் கையால் தொடவில்லை என்பது சாட்டாகாது, இலாபத்தைத் தொட்டிருக்கிறாரல்லவா?

வேடிக்கை என்னவென்றால், தென்னிலங்கை நகரங்களெங்கும் கடை வைத்து வணிகம் செய்தவர்கள் இதே தீவகத்தார்தாம். புங்குடுதீவார் கடைகள் இல்லாத கொழும்பை என் தலைமுறையால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அவர்கள் ஊருக்குச் சாமான் அனுப்பினால் எந்த லொறி, எந்த ஓட்டி, துறையில் யார் கடையில் இறக்குவது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும். பொதி தவறினால் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்றைய விற்பனையாளரும் இதைச் செய்யலாம். கட்டளையைப் பெறும்போதே தீவின் பெயரைக் கேட்கட்டும். துறையருகே நம்பிக்கையான ஒரு கடைக்காரரோடு பேசிப் பொதிகளை அங்கு சேர்ப்பிக்கட்டும். வீட்டுவாசலில் பணம் என்பது இங்கே சரிவராது. படகோட்டி தன் கைக்காசைப் போட்டு யாருடைய பொதியையும் எடுக்கமாட்டார். ஆகவே பணத்தை முன்னரே பெற்று, பொருள் சேராவிட்டால் கேள்வியின்றித் திருப்பிக் கொடுக்கவேண்டும். படகுக்கூலியை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அரிசிக்கும் சீமெந்துக்கும் படகுக்கூலி கொடுத்துப் பழகிய மக்கள் இதற்கும் கொடுப்பார்கள். சொல்லாமல் விடுவதுதான் அவர்களைக் கோபப்படுத்துகிறது.

இது நமக்கு மட்டுமான குறையன்று. பிரித்தானியா முழுவதும் இலவச விநியோகம் என்று விளம்பரம் செய்துவிட்டு ஸ்கொட்லாந்தின் தீவுகளுக்குத் தனிக்கட்டணம் கேட்கும் நிறுவனங்களைப் பற்றி அங்கும் நெடுநாளாக முறைப்பாடு உண்டு. அமெரிக்காவில் 1913இல் அரசுத் தபால் பொதிச்சேவை தொடங்கிய பிறகே ஒதுக்குப்புறப் பண்ணைக் குடும்பங்கள் அஞ்சல்வழி வணிகத்தின் முழுப்பயனைப் பெற்றன. நம்மிடமும் தபாலகம் இருக்கிறது. கடிதம் நெடுந்தீவுக்குப் போகிறது. தனியார் கூரியர் தயங்கும் இடங்களுக்குத் தபால் திணைக்களத்தின் வழியே பொதியை அனுப்பலாமே என்று பல விற்பனையாளர்களுக்குத் தோன்றுவதேயில்லை. சற்றுத் தாமதமாகும்தான், ஆயினும் தாமதத்தைச் சொல்லி விற்கலாம்.

ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து நயினாதீவிலுள்ள அம்மம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்ப எண்ணும் வாசகர்களும், பணம் கட்டுமுன் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: கேக் எந்தப் படகில் போகும், அன்றைக்குப் படகு ஓடாவிட்டால் அது எங்கே இருக்கும் என்று.