பித்தளை எழுத்தும் பெயரற்ற சிப்பாயும்

முதல் உலகப் போர் பற்றிய கருத்தரங்கச் சுவரொட்டிகளிலும் நூல் அட்டைகளிலும் ஒரே வகைப் படம் திரும்பத் திரும்ப வருகிறது. தலைப்பாகை, முறுக்கிய மீசை, பட்டி சுற்றிய கால்கள். அடியில் ‘இந்தியச் சிப்பாய், 1915’ என்ற ஒற்றை வரி. பல படங்களில் தோளின் பித்தளை எழுத்துகளும் கையில் தைத்த பட்டைகளும் மார்பின் நாடாக்களும் தெளிவாகவே தெரிகின்றன. அவற்றை யாரும் படிப்பதில்லை. அடித்தள மக்களின் குரலை மீட்பதாக முன்னுரையில் சூளுரைக்கும் நூல், தன் அட்டையில் நிற்பவரின் படைப்பிரிவைக்கூடக் கூறாது விடுகிறது.

இதற்கு நேர்மாறான பிழை சேகரிப்பாளர்களுடையது. ஒரு சின்னம் கையில் கிடைத்ததும் அதை அணிந்தவரையே கண்டுவிட்டதாக அவர்கள் கொண்டாடுகின்றனர். தோள் எழுத்து படைப்பிரிவைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஒரே அச்சில் வார்த்த சின்னத்தை ஆயிரக்கணக்கானோர் அணிந்தனர். சீருடைகள் கைமாறின, சின்னங்கள் சந்தையில் கலந்தன, போலிகளும் புகுந்தன. ஆகவே சின்னத்திலிருந்து நேரே பெயருக்குத் தாவும் எந்தக் கதையையும் ஐயத்துடனேயே அணுக வேண்டும்.

ஆயினும் சின்னம் தரும் செய்தி சிறிதன்று. மகுடத்தின் வடிவம் காலத்தைச் சொல்லும்: விக்டோரியா காலத்து மகுடம் 1901-க்குப் பின் மாறியது, 1950 ஜனவரி 26-க்குப் பின் இந்தியப் படையில் மகுடமே நீங்கி அசோகச் சிங்கங்கள் வந்தன. கைப்பட்டை ஒன்றாயின் லான்ஸ் நாயக், இரண்டாயின் நாயக், மூன்றாயின் ஹவில்தார். கரும்பொத்தான் ரைஃபிள் மரபைச் சுட்டும். இரண்டாம் உலகப் போரில் கையில் தைத்த துணிச்சின்னம் டிவிஷனைக் காட்டும்: செங்கழுகு நான்காவது, கருப்புப் பூனை பதினேழாவது. பதினேழாவதுக்கு முதலில் இருந்தது மின்னல் சின்னம். ஆகவே பூனையைக் கண்டால் காலம் மேலும் குறுகும்.

எண்களைப் படிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹொல்லெபெக்கில் போரிட்டு விக்டோரியா சிலுவை பெற்ற குதாதாத் கான் 129ஆம் பலூச்சிப் படையினர். 1922 மறுசீரமைப்பில் அந்த எண் மறைந்து, அது பத்தாம் பலூச் ரெஜிமென்டின் நான்காம் பட்டாலியன் ஆயிற்று. 1947-இல் அந்த ரெஜிமென்டு பாகிஸ்தானுக்குச் சென்றது. 129 என்ற எண்ணைத் தோளில் அணிந்த சிப்பாயைத் தேடுபவர் எந்த நாட்டின் எந்த ரெஜிமென்டின் வரலாற்றில் தேட வேண்டும் என்பதற்கே இத்தனை படிகள். தென்னாட்டுக் கர்நாடிக் காலாட்படைகள் பல 1922-இல் மூன்றாம் மதராஸ் ரெஜிமென்டுக்குள் அடங்கின; அந்த ரெஜிமென்டும் சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. பழைய எண்ணை மட்டும் வைத்துத் தேடுபவர் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

ஆளை அடைய உதவுவது பதக்கத்தின் விளிம்பு. முதல் உலகப் போரின் பதக்க விளிம்புகளில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. சிப்பாயின் எண் அன்று படைப்பிரிவுக்குரியது. படை முழுமைக்கும் பொதுவானதன்று. எனவே படைப்பிரிவு தெரியாத எண் பயனற்றது. எண் இல்லாத பெயரோ, முத்துசாமியும் முனுசாமியும் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதப்பட்ட நிலையில், அதனினும் பயனற்றது. உலோகமும் பேசும். போரிட்டோருக்கு வெள்ளியில் தரப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், தொழிற்படையினர் பலருக்கு வெண்கலத்தில் தரப்பட்டது. வெள்ளி விலை ஏறியபோது உருக்கப்பட்ட பதக்கங்களோடு விளிம்பில் இருந்த பெயர்களும் உருகின.

இங்கே ஒரு மறுப்பு எழும். தனியொரு சிப்பாயின் பெயரைத் தேடுவது பொழுதுபோக்கு, வரலாற்றாய்வு அமைப்புகளையன்றோ ஆராய வேண்டும் என்பார்கள். பெயர் இல்லாமற்போனதே அமைப்பின் செயல் என்பதை இம்மறுப்பு மறக்கிறது. 1927-இல் பிரான்சின் நெவ் ஷபெல்லில் திறக்கப்பட்ட நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஈரான்டாண்டுகள் கழித்துத் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவகத்திலோ இந்திய அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். ஏனைய இந்தியர் ரெஜிமென்டின் கீழ் வெறும் எண்ணிக்கை. ஐரோப்பியர் பார்க்கும் இடத்தில் பெயர், பாராத இடத்தில் தொகை. இந்தியச் சிற்றூர்களில் நடப்பட்ட போர் நினைவுப் பலகைகளும் இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று எண்களோடு நிற்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் 2021 அறிக்கையே குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என ஒப்புக்கொண்டது. இவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். ‘இந்தியச் சிப்பாய்’ என்று படத்தின் அடியில் எழுதி நிறுத்துபவர் பாஸ்ராவின் முறையையே பின்பற்றுகிறார். அதைக் காலனிய எதிர்ப்பு என்றும் அழைத்துக்கொள்கிறார்.

ஆவணம் இல்லை என்பதும் எப்போதும் உண்மையன்று. பஞ்சாப் அரசு 1919-இல் ஊர்வாரியாகத் தொகுத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் 97 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 2021-இல் அவற்றை எண்மமாக்கும் பணி வெளிவந்தது. சுமார் 3,20,000 பேரைப் பற்றிய பதிவுகள் அவை. அப்பணியைப் பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் மரபுக் கழகம் ஒன்று கிரீனிச் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து செய்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் இதைச் சற்றே வெட்கத்துடன் கவனிக்கலாம்.

செய்யத்தக்கது எளியது. ஒளிப்படத்தை அச்சிடுமுன் தோள் எழுத்து, மகுடம், பட்டை, நாடா ஆகியவற்றைப் படித்து, படைப்பிரிவும் பதவியும் கால எல்லையும் அடிக்குறிப்பில் தரப்பட வேண்டும். எது ஊகம், எது உறுதி என்று பிரித்துச் சொல்லப்பட வேண்டும். பெயர் கிடைக்காவிடில் ‘பெயர் கண்டறியப்படவில்லை’ என்று எழுதப்பட வேண்டும். அச்சொற்கள் தேடிய பின்னரே எழுதப்பட வேண்டியவை. குடும்பங்களிடம் எஞ்சியுள்ள பதக்கங்களின் முகத்தை அல்ல, முதலில் விளிம்பைப் படமெடுக்க மாணவர்களுக்குக் கற்பிக்கலாம்.