எம்-புக்குக்கு உள்ள மதிப்பு மஸ்டர் ரோலுக்கும் வேண்டும்



அரசுக் கட்டுமானப் பணிகளில் ஒப்பந்ததாரர் இரண்டு கணக்குகளுக்குக் கட்டுப்பட்டவர். ஒன்று, முடித்த வேலையின் கணக்கு. இளநிலைப் பொறியாளர் டேப் பிடித்து அளந்து எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். மேலதிகாரி சரிபார்த்து ஒப்பமிட்ட பிறகே பில் பாஸாகிறது. மற்றொன்று, வேலை செய்தவர்களின் கணக்கு. வருகையைக் குறிக்கும் மஸ்டர் ரோல், கூலிப் பதிவேடு, கூலிச் சீட்டு என்று அதற்கும் ஏடுகள் உண்டு. ஆனால் அவற்றை அதே அக்கறையோடு புரட்டிப் பார்ப்பவர் இல்லை.

யாரும் பார்க்காத இடத்தில் கூலி குறையும் ஆபத்தை 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் உணர்ந்திருந்தது. கூலி கொடுக்கும் இடத்தில், வேலையை ஒப்படைத்த துறையின் பிரதிநிதி உடனிருந்து, கொடுத்த தொகைக்குச் சான்றளிக்க வேண்டும் என்றது அதன் 21-ஆவது பிரிவு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் துறையே தந்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

சாட்சி ஏன் தேவை என்பதற்கு 1982-ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டுமானமே பாடம். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்ததாரர்கள் அதை, ஆள் திரட்டித் தந்த ஜமேதார்களிடம் கொடுத்தார்கள். ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாயைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தொழிலாளிகளிடம் தந்தார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை, அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே தீர்ப்பளித்தது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தச் சாட்சியை விலக்கிவிட்டன. கூலியை வங்கி வழியே செலுத்திவிட்டு, துறைக்கு மின்வழியில் தகவல் சொன்னால் போதும். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தின. இனி 50 பேர் இருந்தால்தான் பொருந்தும். கூலிச் சட்டத் தொகுப்பின்படி, கூலி ஏடுகளை ஒழுங்காக வைக்காத குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் பத்தாயிரம் ரூபாய். கோடிக்கணக்கில் நடக்கும் ஒப்பந்தத்தில் இது ஒரு பொருட்டே அல்ல.

வங்கிக் கணக்கில் எவ்வளவு ஏறியது என்பது தெரியும். எத்தனை நாள் வேலைக்கு என்பது அதில் தெரியாது. கான்கிரீட் போடும் நாளில் இரவு பத்து மணி வரை சட்டி சுமந்த சித்தாளுக்கும் மஸ்டர் ரோலில் ஒரே ஒரு வருகைக் குறிதான் விழுகிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நேரம் ஏட்டில் ஏறாவிட்டால், கேட்பதற்கு அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. கூலி கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு வேலையளிப்பவருடையது என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் வழக்குப் போடும் துணிவு, ஊர் விட்டு ஊர் வந்து கூலி வேலை செய்பவருக்கு எளிதில் வருவதில்லை.

இதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டெண்டர் நிபந்தனையிலேயே துறைகள் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு பில்லோடும் அந்தக் காலத்துக்குரிய மஸ்டர் ரோலும் கூலிப் பதிவேடும் இணைக்கப்பட வேண்டும். வேலை நேரத்தையும் கொடுத்த தொகையையும் தொழிலாளிகளிடமே கேட்டுப் பொறியாளர் ஒப்பமிட வேண்டும். பட்டியலைப் பணியிடப் பலகையில் தமிழிலும் இந்தியிலும் ஒட்ட வேண்டும். இவை முடியாமல் எந்த பில்லும் பாஸாகக் கூடாது. தமிழக அரசு இதற்கு உடனே ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி